இலைமேல் சறுக்கிய பங்குனி

மலேசியாவில் வெயிலும் மழையும் தவிர வேறு பருவம் கிடையாது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மூன்றாவதாக ஒரு பருவமும் தெரியும். தைப்பூசம் முடிந்து ஊர் அடங்கும் சமயத்தில் பால்மரத்து இலை பழுக்கத் தொடங்கும். முதலில் உச்சிக்கொப்பில் நாலைந்து இலை சிவக்கும். பிறகு மரமே செம்மஞ்சளாகிவிடும். பிப்ரவரி நடுவில் ஒரு காற்று அடித்தால் போதும், விடிய விடியக் கொட்டித் தீர்க்கும். நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று பாகைக்குள் கிடக்கும் நெகிரி செம்பிலானில், சில வாரங்களுக்கு ரப்பர் காடு முழுவதும் மொட்டையாக நிற்கும். மார்ச் பிறந்ததும் தாமிர நிறத்தில் துளிர்விடும். பங்குனி உத்திரத்துக்குள் பழையபடி நிழல் மூடிவிடும்.

மரத்துக்கு இது பிறந்த ஊர்ப் பழக்கம். அமேசான் காட்டு மரம் அது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவில் ரப்பர் பரவியது அங்கிருந்துதான். இத்தனை கடல் தாண்டி வந்த பிறகும், வருஷத்தில் மழை குறையும் மாதம் வந்தால் மரம் இலையை உதிர்த்துவிடுகிறது. ஜெலுபு, கோலப்பிலா, பகாவ் என்று நெகிரியின் உட்பகுதி மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் தீபகற்பத்தில் மழை குறைவாகப் பெய்யும் வட்டாரங்களில் ஒன்று. அங்கே இலையுதிர்வு ஒளிவுமறைவு இல்லாமல் தெரியும்.

எங்கள் தோட்டம் கோலப்பிலாவுக்கும் பகாவுக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டுச் செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டிய இடத்தில் இருந்தது. நான் சொல்வது 1970களின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் நட்ட வருஷமே பெயர். லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேடேறினால் ‘நாப்பத்தெட்டுக் காடு’. ஆற்றோரச் சமதளத்தில் ‘அறுபத்தஞ்சுக் காடு’. இரண்டும் இலை உதிர்க்கும் விதம் வேறு. அறுபத்தைந்தில் நட்டவை ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ஒட்டு ரகம், 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கியது. ஒரே தாய்மரத்து மொட்டிலிருந்து ஒட்டுக் கட்டியவை என்பதால் எல்லா மரமும் சேர்ந்தாற்போல் உதிர்க்கும், சேர்ந்தாற்போல் துளிர்க்கும். நாற்பத்தெட்டுக் காட்டில் இருந்தவை விதை போட்டு முளைத்த மரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று மொட்டையாக நிற்கும்போது அடுத்தது அப்போதுதான் பழுத்திருக்கும். அதனால் கீழ்க்காட்டில் சருகு மக்கிச் சேறான பிறகும் மேட்டில் புதுச்சருகு விழுந்துகொண்டே இருக்கும். பருவக் கடைசியில் சருகில் சறுக்கி விளையாட நாங்கள் மேட்டுக் காட்டை நம்பியதற்குக் காரணம் இதுதான்.

அந்தச் சருகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் இலை நீண்ட காம்பின் நுனியில் மூன்று மூன்றாக நிற்கும். விழுந்து காய்ந்ததும் இலை தனியாகவும் காம்பு தனியாகவும் கழன்றுவிடும். மேலே மொரமொரப்பான சருகு, அடியில் சாண் நீளத்துக்கு உருண்டைக் காம்புகள். மேட்டில் கால் வைத்தால் வழுக்குவது அந்தக் காம்புகளால்தான். நாங்கள் உட்கார்ந்து சறுக்கும் பாக்கு மட்டைக்கு அடியில் அவை சைக்கிள் பேரிங் குண்டுபோல் உருண்டு ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். சமதளத்தில் கணுக்கால் மூடும். சரிவில் மரம் நடுவதற்காகத் தட்டுத் தட்டாக மண்ணை வெட்டியிருப்பார்களே, அந்தத் தட்டுகளின் உள்மூலையில் காற்று ஒதுக்கி வைத்த சருகு எங்கள் முழங்காலைத் தொடும்.

காலையில் போனால் சறுக்காது. பனி இறங்கிச் சருகு தொய்ந்து கிடக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல், மொட்டைக் கொப்புகள் வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்த பிறகுதான் இலை சுருண்டு சலசலக்கத் தொடங்கும். எங்களுக்கும் அதுதான் வசதி. அதற்குள் பால் எடுத்து முடிந்திருக்கும். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள், மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும் குளிர் நேரத்திலேயே வெட்டி முடித்து, வாளியைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போய்விடுவார்கள். நிரையில் பால் நிறைந்த மங்கு இருக்கும்போது எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் விளையாடத் துணியாது. ஒரு மங்குப் பால் கொட்டினால் அது ஒரு வீட்டுக் கூலி.

சறுக்குவதற்குப் பாக்கு மட்டை வேண்டும். தோட்டத்தில் பாக்கு மரம் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலாய்க் கம்பத்தில், நாங்கள் மக்சிக் என்று அழைத்த அம்மாள் வீட்டுப் பின்னால் வரிசையாக நின்றன. மினாங்கபாவ் வழிவந்த நெகிரி மலாய்க்காரர்களிடம் பூர்வீக நிலம் தாய்வழியாகப் பெண்பிள்ளைக்குப் போகும். அந்த வளவும் அவருக்குத் தாய் வழியில் வந்ததுதான். மட்டை விழுந்தால் எடுத்து வீட்டுக்கு அடியில் நிழலில் போட்டு வைத்திருப்பார். பதிலுக்கு எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கொண்டுபோய்க் கொடுப்போம். தீபாவளி என்றால் முறுக்கு. காய்ந்த மட்டை வெடித்துவிடும் என்பதால் முதல் நாள் இரவே ஆற்றில் ஊறப்போட்டுக் கல் ஏற்றிவைக்க வேண்டும். ஊறிய மட்டை வளைந்து கொடுக்கும். அகலமான அடிப்பகுதியில் உட்கார்ந்து, காம்பை இரண்டு காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் அழுத்தினால் வேகம் குறையும். தட்டில் தள்ளிக்கொண்டு போவதற்கு ஆளுக்கொரு கம்பு.

எங்களுக்கு விளையாட்டாக இருந்த அந்த வாரங்கள் பெரியவர்களுக்குக் கஷ்ட காலம். துளிர்விடும் சமயத்தில் மரம் தன் சத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிடும். என்னதான் பதமாக வெட்டினாலும் மங்கின் அடி மட்டும் நனையும். சில காடுகளில் வெட்டை நிறுத்திவிட்டு ஆட்களைப் புல் வெட்டவும் வடிகால் கான் தோண்டவும் அனுப்புவார்கள். பாலின் எடையைப் பார்த்துக் கூலி வாங்கிய குடும்பங்களுக்கு அந்த மாதக் கூலிக் கவர் மெலிந்து வரும். மளிகைக் கடையில் பற்று ஏறும். அம்மா வெட்டுக் கோட்டில் நூலாக உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி, ஒரு விரற்கடை கூட அறுந்துவிடாமல் உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். மற்ற மாதங்களில் அவ்வளவு பொறுமையாக உரித்து நான் பார்த்ததில்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைவதற்கு முன்பிருந்தே கூலிப் பேச்சு என்றால் சண்டைதான். அந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்பது இலையுதிர் மாதத்தில் எங்கள் லயத்து அடுப்படிகளில் தெரிந்தது.

இன்னொரு பயம் தீ. காய்ந்த சருகில் ஒரு பீடித் துண்டு விழுந்தாலும் மேடு முழுக்க ஏறிவிடும். அந்த மாதத்தில் காட்டோரம் சருகைக் கூட்டித் தள்ளி அகலமாகத் தடம் எடுத்து வைப்பார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நெருப்புப்பெட்டி வைத்திருக்கிறோமா என்று எங்கள் சட்டைப் பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் மேட்டுக்கு விடுவார்.

நான் சொல்ல வந்த வருஷம் மார்ச் பள்ளி விடுமுறை வந்தபோது பருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மாலை மழை ஆரம்பித்திருந்தது. கீழ்க்காடு முழுக்க இளம்பச்சை. விடுமுறைக்கு முதல் நாள் இரவு இடியோடு நல்ல மழை. “இனிமே எங்கடா சறுக்கறது, எல்லாம் ஊறிப் போயிருக்கும்” என்று எதிர் லயத்து இரட்டையர்களில் மூத்தவன் மட்டையைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டான். ஸ்டோர்க்காரர் மகள் விடவில்லை. எங்களைவிட ஒரு வயது மூத்தவள், சறுக்குவதில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. “மேல இருக்குல்ல, சாமி மரத்துப் பக்கம். அங்க நேத்துக்கூட கொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உச்சியில புடிச்சா ஆறு வரைக்கும் போய்றலாம் லா” என்றாள். உச்சியிலிருந்து ஆறுவரை ஒரே பயணமாகப் போவது என்று யாரும் அதுவரை யோசித்ததில்லை. ஒரே சரிவில் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் விளையாடியிருந்தோம்.

நாங்கள் ஆறு பேர். இரட்டையர்கள், ஸ்டோர்க்காரர் மகள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகைப் பாட்டியின் பேரன், தோட்டக் கணக்கரான கிராணி வீட்டுப் பையன், நான். கிராணி வீடு மேட்டில் தனியாக இருக்கும். லயத்துப் பிள்ளைகளோடு விளையாட அவனுக்கு அனுமதி கிடைப்பது அரிது. அன்று எப்படியோ வந்துவிட்டான், காலில் பள்ளிச் சப்பாத்தோடு. அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் கட்டி என் கையில்.

உச்சியில் அந்தச் சாமி மரம், முனீஸ்வரர் மரம். இலை இருக்கும் மாதங்களில் அங்கிருந்து நாலு நிரைக்கு மேல் கண் போகாது. அன்று மரங்கள் பாதி மொட்டை, பாதி துளிர். இடைவெளியில் மேற்கே அங்சி மலை முழுசாகத் தெரிந்தது. 825 மீட்டர் உயரம் என்று பின்னால் படித்தேன். அன்று எங்களுக்கு அது உலகத்திலேயே பெரிய மலை. இத்தனை வருஷம் அது அங்கேதான் இருந்தது என்பது ஆயாப் பாட்டியின் பேரனுக்கு நம்பவே முடியவில்லை. “இது யாரு கொண்டாந்து வச்சா?” என்று கேட்டான்.

முதல் சரிவு அருமையாகப் போனது. கிழக்குப் பார்த்த பக்கம், வெயில் ஏறி மேல்சருகு காய்ந்துவிட்டது. பழுத்து முடிக்காத கிழட்டு மரம் ஒன்று எங்கள் தலைமேலேயே இலை கொட்டிக்கொண்டிருந்தது. மட்டை கிளம்பியதும் முதலில் ஒரு சரசரப்பு, பிறகு காதுக்குள் காற்று, பிறகு தட்டின் விளிம்பில் உடம்பு ஒரு கணம் தரையை விட்டு எழும்பி அடுத்த தட்டின் சருகுக் குவியலில் பொதக்கென்று உட்காரும். சிரிப்பதற்குக்கூட மூச்சு இருக்காது.

இரண்டாவது தட்டில் கதை மாறியது. அங்கே நின்ற மரங்கள் முந்திக்கொண்டு துளிர்த்துவிட்டன. நிழல் விழுந்த இடமெல்லாம் சருகு ஈரமாக ஒட்டிக் கிடந்தது. மட்டை நாலடி போய் நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தோம். ஸ்டோர்க்காரர் மகள் தலையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டே வழி சொன்னாள். தரையைப் பார்க்கவே மாட்டாள். எந்த மரம் மொட்டையாக இருக்கிறதோ அதற்கு அடியில் வெயில். வெயில் இருந்தால் காய்ந்த சருகு. அப்படி மொட்டை மரம் மொட்டை மரமாகப் பிடித்து, தட்டோடு குறுக்கே கம்பு ஊன்றித் தள்ளி, காய்ந்த சரிவு கிடைத்ததும் கீழே விழுந்து, மறுபடி குறுக்கே போய், வளைந்து வளைந்து இறங்கினோம். மரத்தை அண்ணாந்து பார்த்துத் தரையின் நிலையைச் சொல்லும் அந்த வித்தையை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

பாதி மேட்டில், பட்டுப்போன மரத்துக்குப் பதிலாகப் பின்னால் நட்ட இளமரம் ஒன்றின் தாழ்ந்த கொப்பில் தேனீ மொய்த்தது. ரப்பர் துளிரில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் முடிச்சில், சிறு சுரப்பிகள் உண்டு. இளம் இலையாக இருக்கும் சில நாளுக்கு அதில் தேன் கசியும். இரட்டையரில் சின்னவன் தேனீ விலகும்வரை காத்திருந்து கொப்பை வளைத்தான். ஒவ்வொருவரும் ஒரு முடிச்சைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டோம். கடுகளவு இனிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் துளிரின் இந்தக் கசிவுதான் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டபோது, அந்த இளமரம் எனக்கு ஞாபகம் வந்தது.

பள்ளத்தில் மண்டோரைக் கண்டோம். கானில் அடைத்துக்கொண்ட ஊறிய சருகைக் கொம்பால் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். மரப்பட்டையில் மோதிக் காயம் பண்ணினால் தோலை உரித்துவிடுவேன் என்று எப்போதும் சொல்கிறவர். அன்று சத்தம் போடவில்லை. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். உச்சியிலிருந்து என்றோம். கொஞ்ச நேரம் மேட்டையே பார்த்தார். “அடுத்த வருசம் இந்தக் காடு இருக்காதுடா. வெட்டப் போறாங்க. செம்பன வருது” என்றார். பிறகு, “வெயிலு இருக்குல்ல, இன்னொரு தடவ போய்ட்டு வாங்க. நா பாத்துக்கறேன்” என்று எங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கித் தன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டார்.

அந்தக் காட்டில் முதல் மரத்தை நட்டபோது அவருக்கு இருபது வயதாவது இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மறுபடி ஏறினோம். இரண்டாவது பயணம் முதலாவதைவிட நீளம். பிற்பகல் வெயிலில் முன்பு மாட்டிக்கொண்ட இடங்கள்கூட ஓரளவு காய்ந்திருந்தன. கடைசித் தட்டுக்குக் கீழே சருகு கிடையாது, வழவழத்த செம்மண் சேறு மட்டும். அதிலேயே மட்டையை விட்டு ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஆற்றங்கரைப் புல்லில் போய் விழுந்தோம். கிராணி வீட்டுப் பையனின் சப்பாத்தில் ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் கை விட்டுத் தேடி எடுத்து, ஆற்றில் கழுவி, பாறையில் காயவைத்தோம். கிழங்கைத் தின்று முடித்தபோது மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

அந்தக் கிராணி வீட்டுப் பையன் பின்னாளில் கப்பல் எஞ்சினியராகி நார்வேயில் குடியேறினான். சென்ற ஈஸ்டருக்கு அங்கிருந்து பேசினான். நார்வேக்காரர்கள் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைவீடுகளுக்குப் போய், நீளமான மெல்லிய சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, உருகத் தொடங்கிய பனியில் காடுமேடெல்லாம் சுற்றுவார்களாம். பையில் ஆரஞ்சுப் பழம் கட்டாயம் இருக்குமாம். பகலில் உருகிய பனி இரவில் உறைந்து காலையில் கெட்டியாக இருக்கும், ஆளைத் தாங்கும். நடுப்பகலில் இளகிக் கட்டையில் ஒட்டும். அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். “நம்ம சருகுக்கு நேரெதிர்டா. ஆனா நிழல் எங்க, வெயில் எங்கன்னு பாத்துப் பாத்து வழி எடுக்கறது அப்படியே அவ சொன்ன மாதிரிதான்” என்றான். அங்கே பனியில் முதன்முதலாக இறங்கிய நாளிலேயே தன்னால் தரையைப் படிக்க முடிந்தது என்று அவன் சொன்னபோது, எனக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது. சொல்லிக் கொடுத்த ஸ்டோர்க்காரர் மகள் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுப் பால் வெட்டுக்குப் போனவள்.

மண்டோர் சொன்னபடியே அடுத்த வருஷம் நாற்பத்தெட்டுக் காடு விழுந்தது. செம்பனை வந்தது. செம்பனை இலை உதிர்க்காது. மட்டையை மனிதன் வெட்டிப் போட வேண்டும், அதன் இருபக்கமும் முள். அந்தக் காட்டில் பிள்ளைகள் விளையாட ஒன்றும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் உலக முதலிடத்தைத் தாய்லாந்து எடுத்துக்கொண்டது. நீலாய், லாபு, செனவாங் பக்கத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் காலியாயின. நெகிரியில் இன்றும் 60க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. லாபு, கெர்பி, சுவா பெத்தோங், கெடிஸ், ஜெராம் பாடாங், ரெப்பா என்று பல பள்ளிகள் தோட்டப் பெயரை இன்னும் சுமக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளில் ரப்பர் இலை உதிர்வதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. தாத்தா பாட்டி கஷ்டப்பட்டார்கள் என்று மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது உண்மை. அந்தக் கஷ்டத்துக்கு நடுவில் எங்களுக்கென்று ஒரு பருவம் இருந்தது, அதைத் தலை முதல் கால் வரை அனுபவித்தோம் என்பதும் அதே அளவு உண்மை. அதையும் சொல்லியாக வேண்டும்.

மிச்சமிருக்கும் ரப்பர் பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களுடையது. அதற்கும் 2017 முதல் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சை நோய் வந்து, பருவம் தப்பி இலை கொட்டுகிறது. பால் குறைகிறது, மனம் விட்டுப்போனவர்கள் மரத்தை வெட்டுகிறார்கள். ஆனாலும் சிரம்பானிலிருந்து புக்கிட் புத்துஸ் மேடேறிக் கோலப்பிலா போகும் வழியிலும் ஜெலுபு பக்கத்திலும் இன்னும் ரப்பர் நிற்கிறது. பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நெருப்புப்பெட்டியைக் காரிலேயே வைத்துவிடுங்கள், மங்குகளைத் தொடாமல் நடக்கச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் சருகு நன்றாகக் காய்ந்திருக்கும். மார்ச் நடுவுக்குத் தள்ளிப்போடாதீர்கள், மழை வந்துவிடும்.